அரை ஆம்பியரில் ஓர் இரவு

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல் பாபட்லா பக்கம் கரையைக் கடக்க இன்னும் ஒரு நாள் இருந்தது. அதற்குள் சென்னையின் தலையில் கொட்ட வேண்டியதை எல்லாம் கொட்டிவிட்டது. முடிச்சூரில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். 2015ஐ நேரில் பார்த்தவர்கள் யாரும் தண்ணீர் வாசற்படியைத் தொடும்வரை காத்திருக்கவில்லை. கீழ்வீட்டு அத்தை ஒரு பையில் மாத்திரைகளையும் ரேஷன் கார்டையும் போட்டுக்கொண்டு காலையிலேயே மாடிக்கு வந்துவிட்டார். கரண்ட் அதிகாலையில் போனது. எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை.

அத்தையின் கணவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி. ஞாயிறு இரவு ஷிஃப்டுக்குப் போனவர் திரும்ப வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு அத்தை போனை என்னிடம் நீட்டினார். ஆறு சதவீதம்.

"கண்ணு, உன் லேப்டாப்புல இதைக் கொஞ்சம் போட்டுக் கொடு. மாமா கூப்பிட்டா எடுக்கணும்."

"கொடுங்க அத்தை, ரெண்டு மணி நேரத்துல ஏறிடும்" என்றேன். நான் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் இன்சார்ஜ். பதினோரு வருடமாகக் கணினிகளோடு புழங்குகிறவள் சொன்னால் அத்தை நம்பத்தானே செய்வார்.

லேப்டாப்பில் எழுபது சதவீதம் இருந்தது. அலமாரியில் கிடந்த இரண்டு மீட்டர் கேபிளை எடுத்து லேப்டாப்பின் யூஎஸ்பி போர்ட்டில் செருகினேன். திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்தேன். இரண்டரை மணி நேரம் கழித்து லேப்டாப் அணைந்தது. அத்தை போனில் அப்போது இருபத்து நான்கு சதவீதம். டவர் சரியாகக் கிடைக்காமல் போன் சிக்னலைத் தேடிக்கொண்டே இருந்ததில், செவ்வாய்க்கிழமை விடியற்காலை அதுவும் தீர்ந்துபோனது. மாமா புதன்கிழமை மதியம் வீடு வந்து சேர்ந்தார். நடுவில் ஒன்றரை நாள் அத்தை ஜன்னலை விட்டு நகரவில்லை.

லேப்டாப் பேட்டரியில் அன்று இருந்த மின்சாரம் அத்தை போனை முழுதாக நிரப்பப் போதுமானது. அது எங்கே போயிற்று என்ற கேள்வி என்னை விடவே இல்லை. அடுத்த சில மாதங்கள் லேபில் வேலை முடிந்த பிறகு இதையே தோண்டிக்கொண்டிருந்தேன். கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் போர்ட்டின் கதை. யூஎஸ்பியின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வந்தது. இன்டெல்லில் அதற்கான குழுவை வழிநடத்தியவர்களில் முக்கியமானவர் அஜய் பட், பரோடாவில் படித்தவர். அன்று அவர்கள் முன்னால் இருந்த தேவை கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், மோடம் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரித் துளை. கைபேசியைச் சார்ஜ் செய்வது யாருடைய மனதிலும் இல்லை. மவுஸுக்குத் தனியாக ஓர் அடாப்டர் வேண்டாமே என்பதற்காகத்தான் நான்கு கம்பிகளில் இரண்டை மின்சாரத்துக்கு ஒதுக்கினார்கள். 5 வோல்ட் ஒன்று, எர்த் மாதிரி திரும்பும் கம்பி ஒன்று. மீதி இரண்டும் தகவலுக்கு: டி பிளஸ், டி மைனஸ்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் ஒழுங்கு. செருகிய சாதனம் முதலில் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. 'நான் இன்னார், எனக்கு இவ்வளவு வேண்டும்' என்று கணினியிடம் சொல்ல வேண்டும். கணினி தன் கணக்கைப் பார்த்து சரி என்றால் 500 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். கணினி தூங்கப் போனால் சாதனமும் ஏறக்குறைய எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். 2000இல் வந்த யூஎஸ்பி 2 வரை இதுதான் சட்டம். 5 வோல்ட்டை அரை ஆம்பியரால் பெருக்கினால் 2.5 வாட். ஒரு சின்ன இரவு விளக்கு அளவு.

அந்தக் காலத்துக்கு அது குறைவே இல்லை. ஆயிரம் மில்லி ஆம்பியர் மணி பேட்டரி இருந்த போன் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். இன்று சாதாரணப் போனிலேயே 5,000. அதன் சராசரி மின்னழுத்தம் 3.85 வோல்ட் என்று வைத்தால், கொள்ளளவு 19 'வாட் மணி'க்குக் கொஞ்சம் மேல், அதாவது ஒரு வாட் வீதம் கொடுத்தால் நிரம்பப் பத்தொன்பது மணி நேரம். 2.5 வாட்டில் இதை நிரப்ப, ஒரு துளி வீணாகாவிட்டாலும் ஏழரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் சூடாகப் போவதையும் சேர்த்தால் ஒன்பது மணி நேரம். போர்ட் அப்படியே இருக்க, பேட்டரி ஐந்து மடங்கு வளர்ந்துவிட்டது.

2008இல் யூஎஸ்பி 3 வந்து அளவை 900 மில்லி ஆம்பியராக உயர்த்தியது. உள்ளே நீலமாக இருக்கும் போர்ட்டில் போட்டால் வேகமாக ஏறும் என்று என் மாணவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் 900 கேட்கும் உரிமை யூஎஸ்பி 3 ஆகப் பேசும் சாதனத்துக்குத்தான் உண்டு. நம்மில் பெரும்பாலோரின் போனும் அதன் கேபிளும் தகவலுக்கு இன்னும் யூஎஸ்பி 2 கம்பிகளையே வைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட போன் நீலத் துளையில் செருகினாலும் கேட்பது 500தான். லேபில் உபுண்டு இயங்குதளம் போட்ட கணினியில் இணைந்திருக்கும் யூஎஸ்பி சாதனங்களை விரிவாகப் பட்டியலிட வைத்துப் பார்த்தேன். மாணவர்களின் போன்களில் ஒன்றைத் தவிர எல்லாமே 'அதிகபட்சம் 500' என்றே எழுதிக்கொடுத்தன, நீலத்திலும் கறுப்பிலும்.

அப்படியானால் சுவரில் செருகும் சார்ஜரிடம் அதே போன் எப்படி மூன்று நான்கு மடங்கு வாங்குகிறது? சார்ஜரில் பேசுவதற்குக் கணினியே இல்லையே.

போன் தகவல் கம்பிகளைத் தொட்டுப் பார்க்கிறது. செருகியதும் டி பிளஸ் கம்பியில் சுமார் 0.6 வோல்ட்டை வைத்துவிட்டு, டி மைனஸில் ஏதாவது தெரிகிறதா என்று கவனிக்கும். ஒன்றும் தெரியவில்லை என்றால் எதிரில் இருப்பது சாதாரணக் கணினிப் போர்ட். அரை ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். தெரிந்தால் எதிரில் இருப்பது சார்ஜர், 1.5 ஆம்பியர் வரை போகலாம். சுவர் சார்ஜருக்குள் அந்த இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருப்பார்கள், அதனால் ஒன்றில் வைத்தது மற்றதில் தெரிகிறது. அவ்வளவு எளிமை. 2010 டிசம்பரில் வெளியான பேட்டரி சார்ஜிங் விதிமுறை 1.2 இதைத் தெளிவாக எழுதிவைத்தது. அதில் மூன்றாவதாக ஒரு வகைப் போர்ட்டும் உண்டு. கணினியில்தான் இருக்கும், தகவலும் போகும், 0.6 வோல்ட்டைக் கண்டதும் தானும் டி மைனஸில் 0.6 வைத்துப் பதில் சொல்லும். 'நான் கணினிதான், ஆனாலும் 1.5 ஆம்பியர் தருவேன்' என்று அர்த்தம். கணினியிலிருந்து வேகமாகச் சார்ஜ் செய்வது என்று நாம் தேடுவதெல்லாம், சி டைப் வருவதற்கு முன்னால், இந்த மூன்றாவது வகையைத்தான்.

ஆப்பிள் தனக்கென்று வேறொரு வழி வைத்திருந்தது. அவர்களுடைய சார்ஜர் டி பிளஸிலும் டி மைனஸிலும் 2.0, 2.7 வோல்ட் என்று குறிப்பிட்ட அழுத்தங்களை வைக்கும். எந்தக் கம்பியில் எது என்பதை வைத்து ஒரு ஆம்பியரா, இரண்டுக்கு மேலா என்று சாதனம் புரிந்துகொள்ளும். 2010இல் முதல் ஐபேட் வந்தபோது சாதாரணக் கணினியில் செருகினால் 'சார்ஜ் ஆகவில்லை' என்று மேலே காட்டியது. உடனே ஆசுஸ், ஜிகாபைட் போன்ற மதர்போர்டு நிறுவனங்கள் தங்கள் போர்டுகளுக்கென்று சார்ஜர் மென்பொருள்கள் வெளியிட்டன. கணினிப் போர்ட் ஐபேட் போன்ற ஆப்பிள் சாதனங்களை வேகமாக ஏற்ற வேண்டும் என்பதுதான் அவற்றின் வேலை.

சரி, என் லேப்டாப்புக்கு வருகிறேன். அதன் இடது பக்கத்தில் இரண்டு சாதாரணப் போர்ட்டுகள், வலது பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒன்று. மஞ்சள் எதற்கு என்று நான்கு வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு யூஎஸ்பி மீட்டர் வாங்கிவந்தேன். விரல் நீளம், நடுவில் சின்னத் திரை, போர்ட்டுக்கும் கேபிளுக்கும் இடையில் செருகினால் வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும். மூன்று போர்ட்டிலும் அளந்தேன். லேப்டாப் ஓடும்போது மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 0.47 ஆம்பியர். அப்புறம் லேப்டாப்பைத் தூங்க வைத்தேன். இடது பக்க இரண்டும் செத்துப்போயின. மஞ்சளும்தான்.

பயாஸில், அதாவது கணினி இயங்கத் தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புப் பக்கத்தில், போய்ப் பார்த்தபோது 'எப்போதும் இயங்கும் யூஎஸ்பி' என்று ஒரு வரி இருந்தது. அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இயக்கிவிட்டு லேப்டாப்பை மறுபடி தூங்க வைத்து மஞ்சளில் போனைச் செருகினேன். 1.4 ஆம்பியர்.

நான் மீட்டரைக் கழற்றித் திரும்பச் செருகிப் பார்த்தேன். 1.4தான். கணினி விழித்திருக்கும்போது கொடுத்ததைப் போல மூன்று மடங்கு, அது தூங்கும்போது வந்தது.

காரணம் புரிந்த பிறகு மிகவும் இயல்பாகத் தெரிந்தது. விழித்திருக்கும்போது அந்தப் போர்ட் தகவல் பரிமாற்றமும் செய்ய வேண்டும், அதனால் சாதாரணப் போர்ட்டாக நடந்துகொள்கிறது. தூங்கும்போது பேச்சுக்கு வேலை இல்லை. உள்ளே இருக்கும் ஒரு சின்ன ஐசி சில்லு டி பிளஸையும் டி மைனஸையும் இணைத்துவிடுகிறது. போனின் பார்வையில் லேப்டாப் ஒரு சுவர் சார்ஜராக மாறிவிடுகிறது. டெல் இதற்குப் பவர்ஷேர் என்று பெயர் வைத்தது, தோஷிபா ஸ்லீப் அண்ட் சார்ஜ் என்றது, லெனோவோ ஆல்வேஸ் ஆன் என்றது. பெயர்தான் வேறு. மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு நிறங்கள் எந்த விதிமுறையிலும் இல்லை, அந்தந்த நிறுவனத்தின் பழக்கம்.

இப்போது அந்த டிசம்பர் இரவின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த விஷயம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

என் லேப்டாப் பேட்டரி நாற்பது வாட் மணி. திரையை மங்கலாக்கி, ஒன்றும் செய்யாமல் திறந்து வைத்தாலே எட்டு வாட் தின்னும். போனுக்கு 2.5 வாட் கொடுக்க, மாற்றும்போது வீணாவதையும் சேர்த்து இன்னும் கிட்டத்தட்ட மூன்று. ஆக மணிக்குப் பதினொன்று. நிறைந்த பேட்டரியாக இருந்தாலும் நான்கு மணி நேரம் தாங்காது. அந்த நேரத்தில் போனுக்குள் உண்மையில் போய்ச் சேர்வது எட்டு வாட் மணி, 5,000 பேட்டரியில் நாற்பது சதவீதம். மீதி முப்பத்து இரண்டில் பெரும்பகுதியை லேப்டாப் தான் விழித்திருப்பதற்காகவே செலவழித்துவிட்டது. அதே பேட்டரியை, லேப்டாப் தூங்க, மஞ்சள் போர்ட்டில் 7 வாட்டில் கொடுத்திருந்தால் முப்பது வாட் மணி போன்களுக்குப் போயிருக்கும். ஒன்றரைப் போன் முழுதாக.

அன்று என்னிடம் இருந்தது எழுபது சதவீதம்தான். அதிலேயே அத்தையின் 4,000 மில்லி ஆம்பியர் மணி போன் நூறு தொட்டிருக்கும், என் போனுக்கும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அதுவும் இரண்டரை மணி நேரத்தில்.

வேகம் என்றால் நாம் நேரத்தை மிச்சப்படுத்துவதாகவே நினைக்கிறோம். கரண்ட் இல்லாத வீட்டில் வேகம் என்பது மின்சாரத்தை மிச்சப்படுத்துவது. கொடுப்பவர் எவ்வளவு சீக்கிரம் கொடுத்து முடிக்கிறாரோ அவ்வளவு சீக்கிரம் கண்ணை மூடலாம்.

கேபிளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். அன்று நான் எடுத்தது இரண்டு மீட்டர் கேபிள். மெலிசு. இப்படிப்பட்ட கேபிள்களில் மின்சாரக் கம்பியின் தடிப்பு பெரும்பாலும் 28 கேஜ். மீட்டருக்கு 0.21 ஓம் தடை. போகும் கம்பி, வரும் கம்பி இரண்டையும் சேர்த்து இரண்டு மீட்டருக்கு 0.85 ஓம். அரை ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.4 வோல்ட் போய்விடும், போனுக்கு 4.6தான் சேரும். அதுவரை பரவாயில்லை. மஞ்சள் போர்ட்டில் 1.4 ஆம்பியர் இழுக்கப் பார்த்தால் 1.2 வோல்ட் காணாமல் போக வேண்டும்; 3.8 வோல்ட்டை வைத்துக்கொண்டு 4.2 வோல்ட்டுக்கும் மேல் போக வேண்டிய பேட்டரியை நிரப்ப முடியாது. எனவே போனுக்குள் இருக்கும் சார்ஜிங் ஐசி ஒவ்வொரு படியாக இழுத்துப் பார்த்து, மின்னழுத்தம் நாலரை வோல்ட்டுக்குக் கீழே சரியத் தொடங்கியதும் அங்கேயே நின்றுவிடும். அந்தக் கேபிளோடு அளந்தபோது மீட்டர் 0.7 காட்டியது. அதே போர்ட், அதே போன். அரை மீட்டரில் தடித்த 24 கேஜ் கேபிள் போட்டதும் 1.4.

பாதிக்குப் பாதி வித்தியாசம், ஒரு கேபிளில். போன் கெட்டுப்போச்சு, பேட்டரி வீக் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் முதலில் ஒரு குட்டைக் கேபிளில் போட்டுப் பார்க்கலாம். கேபிளின் மேலுறையில் சில நேரம் 28/24 என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். முதல் எண் தகவல் கம்பி, இரண்டாவது மின்சாரக் கம்பி. எண் சிறியதாக இருந்தால் கம்பி தடிப்பு. 28/28 என்றிருந்தால் அது தகவலுக்கு மட்டும் ஏற்ற கேபிள். கேபிள் தடிப்பாகத் தெரிகிறதே என்று பார்க்கக் கூடாது, பிளாஸ்டிக் உறையைத் தடிப்பாக ஊற்றி உள்ளே முடி போலக் கம்பி வைத்த கேபிள்களை நான் வெட்டிப் பார்த்திருக்கிறேன்.

குறுக்கு வழிகளும் உண்டு. சார்ஜிங்குக்கு மட்டும் என்று விற்கும் சில கேபிள்களில் போன் பக்கம் டி பிளஸையும் டி மைனஸையும் இணைத்திருப்பார்கள். அதைக் கணினியில் செருகினால், கணினி எந்த வகையாக இருந்தாலும் போன் 'இது சுவர் சார்ஜர்' என்று நம்பி 1.5 ஆம்பியர் வரை இழுக்கும். ஆண்ட்ராய்டின் ஆரம்ப வருடங்களில் மாற்றியமைத்த கெர்னல்களிலும் (போன் இயங்குதளத்தின் மையப் பகுதி) இதே வேலையைச் செய்தார்கள்: ஒரு கோப்பில் 1 என்று எழுதினால் போதும், யூஎஸ்பியில் வருவதையும் சுவர் சார்ஜர் என்றே போன் எடுத்துக்கொள்ளும். எங்கள் லேபிலும் இப்படி ஒரு கேபிள் புழங்கியிருக்கிறது. இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், ஒரே கணினியின் முன்பக்கம் இருந்த இரண்டு போர்ட்டிலும் இரண்டு போனைப் போட்டிருந்தான். பத்து நிமிடத்தில் பக்கத்தில் இருந்த கீபோர்டும் சேர்ந்து செத்தது.

"மேம், சிஸ்டம் போயிடுச்சு" என்று முகம் வெளுத்து வந்தான்.

சிஸ்டம் போகவில்லை. மதர்போர்டில் போர்ட்டுகளுக்கு முன்னால் பாலிஃபியூஸ் என்று ஒன்று இருக்கும். அளவுக்கு மேல் மின்னோட்டம் போனால் சூடாகித் தன் தடையைப் பெருக்கிக்கொள்ளும், ஆறியதும் பழைய நிலைக்கு வரும். பல போர்டுகளில் இரண்டு மூன்று போர்ட்டுக்குச் சேர்த்து ஒரு ஃபியூஸ்தான், அதனால்தான் கீபோர்டும் போனது. கால் மணி நேரம் மெயின் ஸ்விட்சை அணைத்து வைத்தோம், எல்லாம் திரும்ப வந்தது. வந்துவிட்டதே என்று அவனுக்கு நிம்மதி. ஆனால் எல்லாக் கணினியிலும் அந்தப் பாதுகாப்பு ஒழுங்காக இருக்கும் என்று நம்பி யாரும் இதைச் செய்ய வேண்டாம். போர்ட்டுக்கு மின்சாரம் கொண்டுபோக மதர்போர்டில் பதித்த செப்புச் சுவடுகளும் முன்பக்கத்துக்கு ஓடும் மெல்லிய ஒயரும் அரை ஆம்பியரை மனதில் வைத்துப் போட்டவை. பழைய லேப்டாப்பில் அந்தச் சுவடு கருகினால் மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள்.

போர்ட் கொடுக்க ஒப்புக்கொண்டதைத்தான் போன் எடுக்க வேண்டும் என்ற அந்த முதல் ஒழுங்கை நான் மதிக்கிறேன். அதை ஏமாற்றித்தான் வேகம் வர வேண்டும் என்றில்லை.

சி டைப்பில் இந்தப் பேச்சுவார்த்தை இன்னும் அழகாகிவிட்டது. 2014இல் வந்த அந்த நீள்வட்டத் துளையில் 24 முனைகள். அவற்றில் சிசி எனப்படும் இரண்டு முனைகள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. போர்ட் அங்கே ஒரு மின்தடையை வைத்திருக்கும்: 56 கிலோ ஓம் என்றால் 'பழைய அளவுதான்', 22 என்றால் 1.5 ஆம்பியர், 10 என்றால் 3 ஆம்பியர். போன் தன் பக்கம் 5.1 கிலோ ஓம் வைத்துக்கொண்டு, நடுவில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்கிறது. தகவல் கம்பிகளைத் தொட வேண்டியதே இல்லை, 10 வைத்த போர்ட்டில் கணினி விழித்திருந்தாலும் 3 ஆம்பியர் கிடைக்கும். 15 வாட். தண்டர்போல்ட் 3 போர்ட்டுகளும் 15 வாட் வரை கொடுக்கும். அந்த வேகத்தில் ஒரு 5,000 பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் பெருமளவு ஏறிவிடும், கடைசி இருபது சதவீதம் மட்டும் எந்தச் சார்ஜரிலும் போல மெதுவாகப் போகும்.

இங்கேயும் கேபிள் பொய் சொல்லலாம். ஒரு முனை பழைய செவ்வகம், மறுமுனை சி டைப் என்ற கேபிளில் மின்தடை கேபிளுக்குள்ளேயே இருக்கிறது. விதிப்படி அது 56 கிலோ ஓம், ஏனென்றால் பழைய போர்ட் எவ்வளவு தரும் என்று கேபிளுக்குத் தெரியாது. ஆரம்பத்தில் பல தயாரிப்பாளர்கள் 10 கிலோ ஓம் வைத்து விற்றார்கள். போன் 3 ஆம்பியர் தயார் என்று நம்பி, அரை ஆம்பியர் போர்ட்டை அத்தனைக்கும் இழுக்கும். கூகுளில் பொறியாளரான பென்சன் லியுங் 2015இல் அமேசானில் விற்ற கேபிள்களைச் சொந்தச் செலவில் ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து, எது சரி, எது தப்பு என்று வாடிக்கையாளர் விமர்சனமாக எழுத ஆரம்பித்தார். 2016 பிப்ரவரியில் மின்சாரக் கம்பியும் திரும்பும் கம்பியும் மாற்றிப் பற்ற வைத்திருந்த ஒரு கேபிள் அவருடைய பிக்ஸல் லேப்டாப்பையே பாழாக்கியது. அடுத்த மாதம் விதிமுறைக்கு ஒத்துவராத சி டைப் கேபிள்களுக்கு அமேசான் தடை போட்டது. ஒரு மனிதர் வேலை நேரத்துக்கு வெளியே, யாரும் கேட்காமல், மீட்டரும் கையுமாக உட்கார்ந்து செய்த காரியம் அது. அவரை நினைத்துக்கொண்டுதான் நானும் லேபில் அளக்கத் தொடங்கினேன்.

இன்னொன்றும் அடிக்கடி கேட்கிறார்கள். 'என் போனில் 67 வாட், 80 வாட் என்று போட்டிருக்கிறதே, லேப்டாப்பின் சி டைப்பில் போட்டால் ஏன் வரவில்லை?' அந்த வேகம் பெரும்பாலும் போன் நிறுவனமும் அதன் சார்ஜரும் தமக்குள் வைத்திருக்கும் தனிப் பேச்சு. குவால்காமின் குயிக் சார்ஜ் டி பிளஸ், டி மைனஸ் வழியாக 9 வோல்ட், 12 வோல்ட் கேட்கும். ஒப்போ 2014இல் கொண்டுவந்த வூக் 5 வோல்ட்டிலேயே 4 ஆம்பியரைத் தனிக் கேபிளில் அனுப்பும். கணினிக்கு இந்த மொழிகள் தெரியாது. பொதுமொழியான பவர் டெலிவரியில் 9, 15, 20 வோல்ட் எல்லாம் உண்டு, 2021க்குப் பிறகு 240 வாட் வரைகூட. ஆனால் லேப்டாப்புகள் அதை வாங்குவதற்குப் பயன்படுத்தும் அளவுக்குக் கொடுப்பதற்குப் பயன்படுத்துவதில்லை. பெரும்பாலான லேப்டாப் சி போர்ட்டுகள் வெளியே தருவது 5 வோல்ட் மட்டும். 15 வாட் வந்தால் திருப்திப்பட்டுக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. இன்றே பயாஸைத் திறந்து, தூங்கும்போது யூஎஸ்பிக்கு மின்சாரம் தரும் வரி இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் இயக்கிவையுங்கள். சில லேப்டாப்புகளில் பேட்டரியில் ஓடும்போதும் அது வேலை செய்யத் தனியாக ஒரு டிக் போட வேண்டும், மழைக்காலத்தில் அந்த டிக்தான் முக்கியம். மேசைக் கணினியாக இருந்தால் ஈஆர்பி என்ற மின்சேமிப்பு வசதி கணினியை அணைத்து வைத்திருக்கும்போது போர்ட்டுகளுக்கு மின்சாரம் போகாமல் நிறுத்திவிடும், அதையும் பாருங்கள். கேபிள் குட்டையாகவும் தடிப்பாகவும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். டவர் இல்லாத நேரத்தில் ஏறும்போதாவது போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். அன்று அத்தை போன் சிக்னல் தேடியே பாதியைத் தின்றது.

எனக்கு ஒரு கோபம் மிச்சம் இருக்கிறது. ஒரு குண்டு பல்பில் எத்தனை வாட் என்று அச்சிட்டிருக்கிறது. ஃபேனில் இருக்கிறது, மிக்ஸியில் இருக்கிறது. பத்து ரூபாய் கேபிளிலும் கம்பியின் தடிப்பை எழுத இடம் இருக்கிறது. 2021இலிருந்து சான்று பெற்ற சி டைப் கேபிள்களில் 60 வாட், 240 வாட் என்று சின்னம் போட வழி செய்திருக்கிறார்கள். ஐம்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பின் போர்ட்டுக்குப் பக்கத்தில் மட்டும் அது எவ்வளவு தரும் என்று ஓர் எண் கிடையாது. சிலதில் ஒரு மின்னல் படம். அதே மின்னல், ஓர் அம்பு முனையோடு, தண்டர்போல்ட்டுக்கும் சின்னம். சிலதில் குட்டி பேட்டரி படம். நிறத்துக்கு அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. 0.5, 1.5, 3 என்று மூன்றில் ஒன்றைப் பொறிக்க எவ்வளவு செலவாகும்? தயாரித்தவருக்கு அந்த எண் தெரியும். வாங்கியவர் ரிச்சி ஸ்ட்ரீட் போய் மீட்டர் வாங்கித்தான் கண்டுபிடிக்க வேண்டுமா?

அவர்கள் எழுதும்வரை நானே எழுதலாம் என்று முடிவு செய்தேன். சென்ற ஆண்டு விடுமுறையில் லேபின் நாற்பத்து இரண்டு கணினிகளையும் அளந்தேன். முன்பக்கம், பின்பக்கம், விழித்திருக்கும்போது, தூங்கும்போது. முன்பக்கத்தில் எதுவும் அரை ஆம்பியரைத் தாண்டவில்லை. புதிதாக வந்த பன்னிரண்டு கணினிகளின் பின்பக்கம் ஒரு சி டைப் 3 ஆம்பியர் கொடுக்கிறது. விலை ஒட்டும் சின்னச் சின்ன வெள்ளை ஸ்டிக்கர்களில் எண்ணை எழுதி ஒவ்வொரு போர்ட்டுக்கும் பக்கத்தில் ஒட்டினேன். லேபில் போன் சார்ஜ் போடக் கூடாது என்ற விதி அப்படியே இருக்கிறது, ஆனால் 3 என்று எழுதியிருக்கும் பன்னிரண்டு இடங்களில் அவசரத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். முன்பக்கப் போர்ட் பிரச்சினை அதற்குப் பிறகு ஒருமுறைகூட வரவில்லை.

வீட்டு லேப்டாப்பின் வலது பக்கத்திலும் ஒரு ஸ்டிக்கர். 'மஞ்சள், 1.4, மூடி வைத்துப் போடவும்' என்று தமிழில் எழுதியிருக்கிறேன். அந்தக் குட்டைக் கேபிளை ரப்பர் பேண்டில் சுற்றி லேப்டாப் பைக்குள் வைத்திருக்கிறேன். மழை எச்சரிக்கை வரும் நாட்களில் அத்தை மாடிக்கு வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

"கேபிள் இருக்குல்ல கண்ணு?"

"இருக்கு அத்தை. லேப்டாப்பும் நூறுல இருக்கு."